பிஸ்டன் மூணும் புதுசு, ராடு மூணும் பழசு

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல பக்கத்து ஊர் தம்பி ஒருத்தன் போன் பண்ணினான். "அண்ணே, வண்டி இன்ஜினைப் பிரிச்சாச்சு. மூணு லைனரும் கோடு விழுந்து கிடக்கு. கடையில மூணு விதமா கிட் காட்டுறாங்க. ஒண்ணுக்கு இன்னொண்ணு பாதி விலை. ராடும் புதுசா மூணு எடுத்துக்கோன்னு சொல்றாங்க. எதைண்ணே எடுக்கட்டும்?"

எதை எடுக்கணும்னு உடனே சொல்லலை. "எதையும் எடுக்காதே, காலையில வர்றேன்"னு சொல்லிப் போனை வச்சுட்டேன். அவன் அவசரம் எனக்குப் புரியுது. எங்க திட்டக்குடி பக்கம் வெலிங்டன் ஏரித் தண்ணியைத் திறந்துவிடுற நாள் நெருங்கிட்டா, கேஜ் வீல் மாட்டி சேறு அடிக்க வண்டி தயாரா நிக்கணும். அந்த நேரத்துல இன்ஜின் பிரிஞ்சு கிடந்தா சொந்த வயலும் போச்சு, வாடகை ஓட்டமும் போச்சு. அந்த அவசரத்துலதான் நானும் ஒரு தடவை தப்பு பண்ணினேன். அதைத்தான் இன்னிக்கு எழுதப் போறேன். இன்ஜின் பிரிச்சு வச்சிருக்கிற யாராவது இதைப் படிச்சா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி படிச்சுட்டுப் போங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். பிஸ்டனை மூணும் சேர்த்துப் புதுசா வாங்குங்க. கனெக்டிங் ராடைப் பழசையே சோதிச்சுப் போடுங்க, சோதனையில தேறாத ராடை மட்டும் மாத்துங்க. ராடு போல்ட்டு, நட்டு, பேரிங் இதுல ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்காதீங்க. அளவெடுக்காம எதையும் உள்ளே போடாதீங்க. இது நம்ம பக்கத்துப் பழக்கத்துக்கு நேர் எதிர். நம்ம ஆளுங்க பிஸ்டன்ல மிச்சம் பிடிப்பாங்க, நல்ல ராடைக் காயலான் கடைக்குத் தள்ளிட்டுப் பேர் தெரியாத புது ராடை வாங்கிப் போடுவாங்க, போல்ட்டு பழசே போதும்பாங்க.

என் வண்டியில நடந்தது

என்கிட்ட இருக்கிறது பழைய மாசி 241. செகண்ட் ஹேண்டா வாங்கினது. 2016-ல புகை தள்ள ஆரம்பிச்சது, ஆயிலும் குடிச்சது. பிரிச்சுப் பார்த்தா ரெண்டாம் நம்பர் சிலிண்டர்ல ரிங் உடைஞ்சு லைனரைக் கீறி வச்சிருந்தது. அந்த ராடோட பெரிய முனைப் பேரிங்கும் உருகின மாதிரி இருந்தது, ராடு அந்த இடத்துல நீலம் பாய்ஞ்சிருந்தது. மத்த ரெண்டும் பார்க்கச் சுமாரா இருந்தது.

"ரெண்டாம் நம்பருக்கு மட்டும் பிஸ்டனும் லைனரும் ராடும் போட்டா போதும், மத்தது ஓடும்"னு சொன்னாங்க. எனக்கும் அதுதான் இனிப்பா இருந்துச்சு. கடையில ஒத்தைப் பிஸ்டன் கொடுத்தாங்க, ஒத்தை ராடு கொடுத்தாங்க. ராடு மேல நம்பரும் இல்லை, பேரும் இல்லை. விலை மட்டும் குறைவு. போல்ட்டை ரிங் ஸ்பேனருக்குப் பைப் போட்டு இறுக்கினாங்க. வண்டி ஸ்டார்ட் ஆச்சு. மூணு நாள்ல வயலுக்குப் போயிடுச்சு.

ஆனா ஸ்டீரிங்ல ஒரு அதிர்வு வந்தது. பழைய வண்டிதானேன்னு விட்டுட்டேன். அடுத்த வருஷம் ஐப்பசியில கரும்பு லோடோட பெண்ணாடம் ரோட்டுல போய்க்கிட்டு இருக்கும்போது டமார்னு ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தா ரெண்டாம் நம்பர் ராடு பிளாக்கோட பக்கவாட்டை உடைச்சுக்கிட்டு வெளியில எட்டிப் பார்க்குது. ரோடு முழுக்க ஆயில். பின்னாடி வந்த பைக்காரர் ஆயில்ல வழுக்கி விழப் பார்த்தார். அவர் விழாம தப்பிச்சது நான் செஞ்ச புண்ணியம் இல்லை, அவர் செஞ்ச புண்ணியம்.

பிளாக் போச்சு, கிராங்க் போச்சு. பழைய பிளாக் ஒண்ணு தேடிப் பிடிச்சு, சேலத்துல லேத் வேலை பார்த்து, மொத்த இன்ஜினையும் திரும்பக் கட்டினோம். வீட்ல அவங்க கழுத்துச் செயின் கூட்டுறவு பேங்க்ல ஏறுச்சு. "ஏங்க, அன்னிக்கு மிச்சம் பிடிச்சது எவ்வளவு?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாங்க. திரும்பக் கேட்கலை. அந்தச் செயினைத் திருப்ப ரெண்டு போகம் ஆச்சு.

ரெண்டாவது தடவை கட்டின இன்ஜின் இன்னிக்கு வரைக்கும் ஹெட்டைத் திறக்காம ஓடிக்கிட்டு இருக்கு. அந்தத் தெம்புலதான் எழுதுறேன்.

ராடு எதனால அறுந்து போகுது?

சேலத்து லேத்துக்காரர் வயசானவர். உடைஞ்ச ராடைக் கையில எடுத்துப் பார்த்துட்டு என்கிட்ட கேட்டார்: "தம்பி, ராடுக்குப் பாரம் எப்ப அதிகம்? டீசல் எரிஞ்சு பிஸ்டனைக் கீழே தள்ளும்போதா?" ஆமாங்கய்யான்னேன். சிரிச்சார்.

தள்ளும்போது ராடு தாங்கும், நெட்டுக்குத்தா நிக்கிற தூண் மாதிரி. போல்ட்டுக்கு அங்க வேலையே இல்லை. போல்ட்டுக்கு வேலை வர்றது புகையை வெளியில தள்ளிட்டு பிஸ்டன் மேல போய் நிக்கிற நேரத்துல. அப்ப மேல எதிர்த்துப் பிடிக்கக் காத்தழுத்தம் இல்லை. வேகமா மேல போன பிஸ்டனை ராடுதான் பிடிச்சுக் கீழே இழுக்கணும். அந்த இழுவை முழுசும் ரெண்டு போல்ட்டு மேலதான் விழுது.

எவ்வளவு இழுவைன்னு வீட்டுக்கு வந்து பையனை வச்சுக் கணக்குப் போட்டேன். இந்த இன்ஜின்ல பிஸ்டன் மேலயும் கீழயும் போற தூரம் 127 மி.மீ., அதாவது 5 அங்குலம். நிமிஷத்துக்கு 1500 சுத்து ஓடினா வினாடிக்கு 25 சுத்து. பிஸ்டன் உச்சியில நின்னு திரும்புற அந்தக் கணத்துல ஒவ்வொரு கிலோ எடைக்கும் சுமார் 200 கிலோ இழுவை வருது. பிஸ்டன், பின், ரிங், ராடோட மேல்பாதி எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோன்னு வச்சாலும் 300 கிலோ. காத்தழுத்தம் இல்லாத அந்த வெறும் இழுவை வினாடிக்கு 12 தடவைக்கு மேல வருது. சுத்து ரெண்டு மடங்கு ஆனா இழுவை நாலு மடங்கு ஆகும். லோடோட இறக்கத்துல கியர்ல விட்டு இன்ஜினைக் கத்த விடுறவங்க இதை ஞாபகம் வச்சுக்கணும்.

இப்பச் சொல்லுங்க, பேர் தெரியாத இரும்புல செஞ்ச ராடையும், ஏற்கெனவே நீண்டு போன பழைய போல்ட்டையும் நம்பி இதுல இறங்கலாமா? என் வண்டியில எது முதல்ல போச்சு, போல்ட்டா, ராடா, பேரிங்கான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. உடைஞ்ச போல்ட்டு நடுவுல இடுப்பு சிறுத்து இருந்தது. ராடோட பெரிய முனை வட்டமா இல்லாம முட்டை வடிவத்துல இருந்தது. லேத்துக்காரர் ரெண்டையும் காட்டினார். ரெண்டுமே கடையில வாங்கின அன்னிக்கே அளந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

பழைய ராடை ஏன் நம்பலாம்?

கம்பெனி இன்ஜினோட வந்த ராடு, பழுக்கக் காய்ச்சின எஃகை அச்சுல வச்சு அடிச்சு உருவாக்கினது. அதுல தேயுற இடம்னு பார்த்தா சின்ன முனையில இருக்கிற புஷ்ஷும் பெரிய முனையில இருக்கிற பேரிங்கும்தான். ரெண்டையும் தனியா மாத்திக்கலாம். நெளியாம, முறுக்காம, சூடு பிடிக்காம, விரிசல் இல்லாம இருந்தா அந்த ராடு இன்னொரு இன்ஜின் வேலையைத் தாங்கும். 20 வருஷம் ஓடித் தன்னை நிரூபிச்ச ராடு அது. புது ராடு அப்படி எதையும் இன்னும் நிரூபிக்கலை. உங்க மேலதான் அது பரீட்சை எழுதப் போகுது.

பழைய ராடைச் சோதிக்க நான் செய்யுறது இதுதான்:

முதல்ல நம்பர். ராடுலயும் அதோட கேப்புலயும் ஒரே நம்பர் குத்தியிருக்கும். கேப்பை மாட்டி இறுக்கின பிறகுதான் அந்த வட்டத்தையே கடைஞ்சிருப்பாங்க. ஒரு ராடோட கேப்பை இன்னொரு ராடுக்குப் போட்டா வட்டம் வட்டமா இருக்காது. நம்பர் ஒத்துப் போகாத ராடு வேண்டாம்.

ரெண்டாவது நிறம். நீலமோ ஊதாவோ பாய்ஞ்சிருந்தா ராடு சூடாகி வலு இழந்துடுச்சுன்னு அர்த்தம். அதை எடை போட்டு வித்துடுங்க.

மூணாவது விரிசல். மண்ணெண்ணெய்ல ஊற வச்சு நல்லாத் துடைச்சுட்டு, சாக்பீஸ் தூளைத் தடவி வையுங்க. கொஞ்ச நேரத்துல விரிசல் இருக்கிற இடத்துல மண்ணெண்ணெய் கசிஞ்சு ஒரு கோடு தெரியும். போல்ட்டு உட்காருற மூலைகளைக் கண்ணாடி வச்சுப் பாருங்க.

நாலாவது நெளிவு. இதுக்கு லேத் பட்டறைதான். பின்னை மாட்டி டயல் கேஜ் வச்சுப் பார்த்துச் சொல்லுவாங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி போன வண்டின்னா, அதாவது வெள்ளத்துல மாட்டி ஏர் கிளீனர் வழியாத் தண்ணி குடிச்ச வண்டின்னா, கண்ணுக்குத் தெரியலைன்னாலும் ராடு நெளிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். நெளிஞ்சதைப் பிரஸ்ல வச்சு நிமிர்த்தித் தர்றேன்னு சொன்னா, நன்றி சொல்லிட்டு வாங்கிக்கிட்டு வந்துடுங்க.

அஞ்சாவது வட்டம். பேரிங் இல்லாம கேப்பை மட்டும் அளவா இறுக்கி, உள்ளே மூணு திசையில அளக்கணும்.

இதுல எதுலயாவது தேறலைன்னா மட்டும் ராடு வாங்குங்க. வாங்கினா கம்பெனி ராடு, பில்லோட. பட்டறையில கழிச்ச இன்னொரு கம்பெனி வண்டியோட பழைய ராடு கிடைச்சாலும், மேல சொன்ன அஞ்சு சோதனையும் தேறினா எனக்குச் சம்மதம்தான். அடிச்சு உருவாக்கின ராடுக்கு நடுவுல ஒரு அகலமான கோடு இருக்கும், அச்சுலேர்ந்து பிதுங்கினதை வெட்டின அடையாளம். உருக்கி வார்த்ததுல அந்தக் கோடு நூல் மாதிரி மெலிசா இருக்கும். கடையில கையில எடுத்தவுடனே இதைப் பாருங்க.

பிஸ்டன்ல என்ன பார்க்கணும்?

பிஸ்டன் விஷயம் வேற. அது அலுமினியக் கலவை. ரிங் ஓடுற பள்ளம் தேயும், பாவாடைப் பகுதி தேயும், சூட்டுல விரிசல் விழும். பழசைத் திரும்பப் போட்டுப் புது ரிங் மாட்டினா பள்ளத்துல ரிங் ஆடும், கொஞ்ச நாள்ல உடையும். அதனால பிஸ்டன் புதுசுதான், அதுவும் மூணும் ஒரே கம்பெனி, ஒரே செட்.

ஏன் மூணும்? சேலத்துல என் பழைய பிஸ்டன் மூணையும் லேத்துக்குப் பக்கத்துல இருந்த மளிகைக் கடைத் தராசுல வச்சுப் பார்த்தோம். கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே இடம் கொடுத்தார். ஒண்ணாம் நம்பரும் மூணாம் நம்பரும் ஏறத்தாழ ஒரே எடை. நான் ஒத்தையா வாங்கிப் போட்ட ரெண்டாம் நம்பர் 60 கிராம் கூட. மேல சொன்ன கணக்குல போட்டுப் பாருங்க, 60 கிராமுக்கு 12 கிலோ. ஒவ்வொரு சுத்துக்கும் 12 கிலோ ஒரு பக்கம் கூடுதலா உலுக்குது. மூணு சிலிண்டர் இன்ஜின்ல மூணு எடையும் சமமா இருந்தாத்தான் ஒண்ணோட உலுக்கலை மத்த ரெண்டும் சமன் பண்ணும். நுகத்தடியில குட்டை மாட்டையும் நெட்டை மாட்டையும் பூட்டினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? ஸ்டீரிங்ல வந்த அதிர்வுக்குக் காரணம் அன்னிக்குத்தான் புரிஞ்சது.

அப்புறம் மாடல். பழைய 1035-க்குச் சிலிண்டர் வாய் 88.9 மி.மீ., அதாவது 3.5 அங்குலம். 241-க்கு 91.44 மி.மீ., 3.6 அங்குலம். ரெண்டுக்கும் ஓட்டம் ஒண்ணுதான், 127. இதுல மாறிப்போக வழியில்லை, உள்ளேயே போகாது. மாறிப்போறது வேற இடத்துல. வாய் ஒரே அளவா இருந்தாலும், பின் துளையிலேர்ந்து தலை வரைக்கும் உள்ள உயரம் மாறும், தலையில இருக்கிற கிண்ணத்தோட வடிவம் மாறும். உயரம் கூடினா பிஸ்டன் வால்வை முட்டும். குறைஞ்சா அழுத்தம் போதாது, காலையில ஸ்டார்ட் ஆகாது, புகை நிக்காது. அதனால கடைக்குப் போகும்போது இன்ஜின் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்துக்கிட்டு, பழைய பிஸ்டன் ஒண்ணையும் பையில போட்டுக்கிட்டுப் போங்க. புதுசையும் பழசையும் பின்னை நேரா வச்சு உயரம் பாருங்க.

இன்னொண்ணு. லைனரை மாத்தாம அதையே கடைஞ்சு ஓவர்சைஸ் போடுறதா இருந்தா, பிஸ்டனை வாங்கிக் கையில வச்சுக்கிட்டு அப்புறம்தான் கடையணும். முதல்ல கடைஞ்சுட்டு "20 சைஸ் பிஸ்டன் கொடுங்க"ன்னு கடைக்குப் போகக் கூடாது. பெட்டியில போட்டிருக்கிற சைஸ் வேற, உள்ளே இருக்கிற பிஸ்டனோட உண்மை அளவு வேறயா இருக்கலாம்.

பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவுல விடுற இடைவெளி ஏன் இவ்வளவு முக்கியம்னு விருத்தாசலத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்க பீங்கான் பட்டறையில அச்சு செய்யுறவங்க, சூளையில வெந்தா களிமண் சுருங்கும்னு தெரிஞ்சு, அச்சைப் பெருசாத்தான் செய்வாங்க. இங்க அதுக்கு மறுபக்கம், சூட்டுல பிஸ்டன் பெருக்கும். இந்த அளவு பிஸ்டன் 100 டிகிரி சூடு ஏறினா ஏறத்தாழ 0.18 மி.மீ. பெருக்கும். அதே சூட்டுக்கு வார்ப்பிரும்பு லைனர் 0.10 மி.மீ. தான் பெருக்கும். இடைவெளி குறைவா விட்டா சூடானதும் பிஸ்டன் பிடிச்சுக்கும். கூட விட்டா தட்டும், ஆயில் குடிக்கும். "டைட்டா வச்சுக் கொடுங்க, ரொம்ப நாள் வரும்"னு லேத்துல போய்ச் சொல்றவங்க நம்மள்ல நிறையப் பேர் இருக்காங்க. அப்படிச் சொல்லாதீங்க. பிஸ்டன் பெட்டியில எழுதியிருக்கிற இடைவெளியைக் காட்டுங்க.

ரிங்கையும் அப்படியே மாட்டக் கூடாது. லைனருக்குள்ள ரிங்கை நேரா வச்சு, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால பாருங்க. வாய் அகலத்துக்கு அங்குலத்துக்கு 3-லேர்ந்து 4 தவ்வு, அதாவது அங்குலத்துல ஆயிரத்துல 3, 4 பங்கு, பொதுவான கணக்கு. 3.6 அங்குலத்துக்கு 11-லேர்ந்து 14 தவ்வு. கிட்டோட வந்த தாள்ல வேற எழுதியிருந்தா அதையே எடுத்துக்குங்க.

எந்தக் கம்பெனின்னு கேட்பீங்க. டிராக்டர் கம்பெனி அட்டைப்பெட்டியில வந்தாத்தான் நல்லதுன்னு நான் சொல்லலை. சென்னை செம்பியத்துல இந்தியா பிஸ்டன்ஸ் கம்பெனி 1949-லேர்ந்து இருக்கு. மாசி வண்டிக்கு இன்ஜின் கொடுக்கிற சிம்சன், 1840-ல மெட்ராஸ்ல குதிரை வண்டி கட்ட ஆரம்பிச்ச கம்பெனி. ரெண்டும் ஒரே குழுமம்தான். இதைத் தவிர நாடு முழுக்கப் பேர் பெத்த பிஸ்டன் கம்பெனிகள் நாலஞ்சு இருக்கு. அதுல எதையும் எடுக்கலாம், டிராக்டர் கம்பெனிப் பெட்டியை விட விலையும் கொஞ்சம் குறையும். ஆனா அந்தப் பேர் போட்ட பெட்டிக்குள்ள அதே பிஸ்டன்தான் இருக்கான்னு பார்க்கணும். பில் கொடுக்காத கடையில வாங்காதீங்க. பெட்டியில இருக்கிற பார்ட் நம்பரும் பிஸ்டன்ல இருக்கிற நம்பரும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. வாங்கின உடனே தராசுல வையுங்க. மூணுக்கும் சில கிராம் வித்தியாசம்னா சரி. அதுக்கு மேல போனா கடைக்காரர்கிட்ட மாத்திக் கேளுங்க. கோவிச்சுக்கிட்டா வேற கடை.

எதிர்த்துச் சொல்றவங்களுக்கு

இதை நான் டீக்கடையில சொன்னப்ப மூணு விதமா பதில் வந்தது.

ஒருத்தர், "அளவெல்லாம் எதுக்கு, கை அனுபவம் போதும்"னார். மெக்கானிக் அண்ணன்களோட அனுபவத்தை நான் குறைச்சுச் சொல்லலை. சத்தத்தைக் கேட்டே எந்த ராடு அடிக்குதுன்னு சொல்றவங்க நம்ம பஜார்ல இருக்காங்க. எனக்கு அந்தக் காது கிடையாது. ஆனா 0.05 மி.மீ. வித்தியாசத்தை எந்தக் கையாலயும் கண்டுபிடிக்க முடியாது. போல்ட்டு எவ்வளவு இறுகியிருக்குன்னு டார்க் ரெஞ்சு சொல்ற மாதிரி தோள்பட்டை சொல்லாது. அனுபவக்காரர் கையில அளவுகோலும் இருந்தா அவர் இன்னும் பெரிய ஆள் ஆகிடுவார்.

இன்னொருத்தர், "எல்லாத்தையும் கம்பெனியில புதுசாவே போட்டுடு, தொல்லை விட்டுச்சு"ன்னார். காசு இருந்தா செய்யலாம். 20 வருஷ வண்டிக்கு மூணு கம்பெனி ராடு வாங்குற காசுக்கு, கிராங்கைச் சரியாக் கிரைண்ட் பண்ணி, நல்ல பேரிங்கும், புதுப் போல்ட்டு செட்டும், ஆயில் பம்ப்பும் போட்டுடலாம். நல்லா இருக்கிற ராடை மாத்தின காசு அங்கெல்லாம் குறைஞ்சு போகுது. அதைத்தான் வேண்டாங்கிறேன்.

மூணாவது ஆள் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்தது. "விலை குறைஞ்ச கிட்டைப் போட்டு ஒரு போகம் ஓட்டு, சத்தம் நல்லா இருக்கும்போதே வித்துடு"ன்னார். வாங்கப் போறது யாருங்க? நம்மள மாதிரி ஒரு சம்சாரிதானே வாங்குவான். அவன் வீட்லயும் ஒரு செயின் இருக்கும். அவன் ரோட்டுலயும் பின்னாடி ஒரு பைக் வரும்.

இதை ஒவ்வொரு விவசாயியும் தனியாத் தனியா அனுபவப்பட்டுத்தான் கத்துக்கணுமான்னும் தோணுது. கூட்டுறவு சங்கங்கள்ல வாடகைக்கு டிராக்டர் வச்சிருக்காங்க, வேளாண்மைப் பொறியியல் துறையில இயந்திரங்களை வாடகைக்குத் தர்றாங்க. புது வண்டி வாங்க மானியம் உண்டு. நல்லதுதான். ஆனா ஓடிக்கிட்டு இருக்கிற பழைய வண்டிகள்தான் எங்க பக்கம் பாதி உழவை உழுது. அதுக்கு ஒரு வழி செய்யலாம். வட்டாரத்துக்கு ஒரு டார்க் ரெஞ்சு, ஒரு போர் கேஜ், ஒரு டயல் கேஜ், வருஷத்துக்கு ரெண்டு நாள் மெக்கானிக்குகளுக்கும் விவசாயிகளுக்கும் சேர்த்துப் பயிற்சி. இது எல்லாத்துக்கும் ஆகுற செலவு, ஒரு புது டிராக்டருக்குக் கொடுக்கிற மானியத்தைவிடக் கம்மியாத்தான் இருக்கும்.

கடைசியா, கேட்க வேண்டிய முதல் கேள்வி

மறுநாள் காலையில தம்பி வீட்டுக்குப் போனேன். கிட்டைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி ஏர் கிளீனரைக் கழட்டச் சொன்னேன். கீழ்த்தொட்டியில ஆயிலுக்குப் பதிலா களி மாதிரி சேறு. மேல போற ரப்பர் குழாய்ல கிளிப் தளர்ந்து கிடந்தது. காஞ்ச நிலத்துல ரோட்டவேட்டர் ஓட்டி, மக்காச்சோளம் அடிக்கிற மெஷினுக்கும் வண்டியைப் போட்டு, அத்தனை புழுதியையும் இன்ஜின் நேராக் குடிச்சிருக்கு. லைனர்ல கோடு விழுந்ததுக்குக் காரணம் அதுதான். இதைச் சரி பண்ணாம எந்தக் கம்பெனி பிஸ்டனைப் போட்டாலும் அடுத்த வருஷம் இதே இடத்துலதான் உட்கார்ந்திருப்பான். இன்ஜின் ஏன் போச்சுன்னு தெரியாம புது இன்ஜின் கட்டக் கூடாது.

அப்புறம் மூணு ராடையும் கழுவி, சாக்பீஸ் தடவிப் பார்த்தோம். ஒண்ணுலயும் விரிசல் இல்லை. நம்பர் மூணும் சரி. லேத்துல நெளிவு பார்த்ததுல ரெண்டு தேறிடுச்சு, மூணாம் நம்பர் தேறலை. கடைக்காரர் சொன்ன மூணு ராடுக்குப் பதிலா ஒண்ணு வாங்கினான், பில்லோட. பிஸ்டன் நடு விலை செட் எடுத்தான். போல்ட்டும் நட்டும் மொத்தமும் புதுசு. டார்க் ரெஞ்சு என்னோடதை எடுத்துக்கிட்டுப் போயிருக்கான். வேலை முடிஞ்சு ஸ்டார்ட் பண்ணினா முதல் 50 மணி நேரம் முழு பாரம் ஏத்தாதே, அதுக்காகச் சும்மா ஐடியல்லயும் ஓட விடாதே, நடுத்தரமான வேலை கொடு, 50 மணியில ஆயிலை மாத்துன்னு சொல்லியிருக்கேன்.

"அண்ணே, தண்ணி திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடுமா?"ன்னு கேட்டான்.

"நாலு நாள் தள்ளிப்போகும்டா. அந்த நாலு நாளைக்கு என் வண்டியை எடுத்துக்கோ"ன்னேன்.